எனக்கு முன் பூஜ்யம் பேர்

இங்க யாரும் வர்றாங்களா சார்? இல்லையே? அப்ப உக்காந்துக்கிறேன். பை மடியிலயே இருக்கட்டும், மேல வச்சா நசுங்கிரும். கடலைமிட்டாய். கோவில்பட்டிக்காரன் ஒரு வீட்டுக்குப் போறான்னா வேற என்ன கொண்டுபோவான்? நானா வாங்கலை, வீட்டுல திணிச்சு விட்டுட்டா. சண்டை போடப் போறவன் கையில மிட்டாய்ப் பை. நல்லாவா இருக்கு?

நாகர்கோவிலா நீங்களும்? நல்லது. மூணு மணி நேரம் பேச்சுத் துணை ஆச்சு.

காதுல என்ன ஓடுது சார்? தப்பா நினைக்காதீங்க, வெளிய கேக்குது. சினிமாப் பாட்டு. கேளுங்க, கேளுங்க, நான் ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் அதெல்லாம் விட்டுப்போச்சு. அஞ்சு வருஷமா நான் சினிமாப் பாட்டு கேக்குறதில்லை. கல்யாண வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டா காதைப் பொத்த முடியாது, அது கணக்குல வராது.

என் பேர் பரமகுரு. தாலுகா ஆபீசுக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அது வயித்துக்கு. என் உண்மையான வேலை வேற. நான் புதுப்பாட்டு கண்டுபிடிக்கிற ஆளு.

சிரிக்காதீங்க சார். உலகம் பூராவும் எத்தனை பேர் வீட்டு ரூமுக்குள்ள உக்காந்து தானே எழுதி, தானே பாடி, தானே பதிவு பண்ணி நெட்டுல ஏத்திட்டு இருக்காங்க தெரியுமா? கம்பெனி கிடையாது, படம் கிடையாது, போஸ்டர் கிடையாது. இண்டிப் பாட்டுன்னு சொல்றது. முக்காவாசி வெள்ளிக்கிழமைதான் வெளிய வரும். ஆயிரக்கணக்குல வரும். வந்த வேகத்துல காணாமப் போயிரும். யாராவது ஒருத்தன் உக்காந்து பொறுக்கி எடுக்கணுமா வேண்டாமா? நான் எடுக்குறேன். வாரம் இருபது பாட்டு. பட்டியல் போட்டு எங்க வாட்ஸப் குழுவுல விடுவேன். குழு பேரு ‘புதுக்காது’. இருநூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க. இப்ப இருநூத்திப் பதினொண்ணு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

எல்லா வகையும் எடுப்பேன் சார், பாரபட்சமே கிடையாது. தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் ரெண்டு பசங்க ராப் பண்றாங்க. நாமக்கல்ல ஒரு மெட்டல் குழு, அந்தத் தம்பி பாடுறானா வாந்தி எடுக்குறானான்னு முதல்ல சந்தேகம் வரும், பழகிட்டா வராது. ஜார்ஜியான்னு ஒரு நாடு, அங்க ஒரு அம்மா ஜாஸ் பாடுறாங்க. அசாம்ல ஒருத்தர் மழையை மட்டும் பன்னெண்டு நிமிஷம் பதிவு பண்ணிப் போட்டிருக்காரு. ஷூகேஸ்னு ஒண்ணு இருக்கு, வாசிக்கிறவங்க கூட்டத்தையே பாக்க மாட்டாங்க, குனிஞ்சு செருப்பைப் பாத்துக்கிட்டே வாசிப்பாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மேடைன்னா நானும் அந்த ஜாதிதான்.

இவ்வளவையும் எப்படிக் கேக்குறீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. நாற்பது செகண்ட். அதுக்கு மேல ஒரு பாட்டுக்கும் கொடுக்குறதில்லை. கடையில பாருங்க, ஆளு ரோட்டைத் தாண்டும்போதே கையில இருக்கிற பேப்பரை வச்சு வாரிசுச் சான்றிதழா, வருமானச் சான்றிதழா, எத்தனை காப்பின்னு சொல்லிருவேன். பதினெட்டு வருஷப் பழக்கம். பாட்டும் அப்படித்தான். நாற்பது செகண்ட்ல தெரிஞ்சிரும். ரெண்டாவது தடவை கேக்குற வேலையே கிடையாது. அடுத்த பாட்டு காத்துக்கிட்டு நிக்குதே.

எங்க குழுவுல ஒரு பழக்கம் உண்டு. நான் கொண்டுவந்ததுதான். பட்டியல்ல பாட்டுக்குப் பக்கத்துல, நாம கேக்குறதுக்கு முன்னாடி எத்தனை பேர் கேட்டிருந்தாங்கன்னு போடணும். பாட்டு ஏத்துற தளத்துலயே எண்ணிக்கை காட்டும். ‘எனக்கு முன் 40 பேர்’, ‘எனக்கு முன் 11 பேர்’, இப்படி. எண்ணு குறையக் குறைய மதிப்பு. ஒரு தடவை எனக்குப் பூஜ்யமே கிடைச்சது. லாட்வியாக்காரர் ஒருத்தரு, கதவு கிரீச்சிடுற மாதிரி ஒரு வயலின். உலகத்துலயே அதை முதல்ல கேட்ட காது இந்தக் காது. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. என் வீட்டுக்காரி செண்பகவல்லி, ஒருத்தருமே சீந்தாததைக் கேட்டுட்டு வந்து ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமான்னு கேட்டா. அவளுக்கு இதெல்லாம் புரியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கயத்தாறு தாண்டியாச்சா? தாண்டியாச்சு.

என் பட்டியல் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஒரு அம்மா பட்டியல். மேபல் சுகிர்தா. நாகர்கோவில். நேர்ல பாத்ததில்லை, போன்ல பேசினதில்லை. அவங்க இருபது பாட்டு போட மாட்டாங்க, நாலோ அஞ்சோதான். எண்ணும் போட மாட்டாங்க. அது என் பழக்கத்தை மதிக்காத வேலை, ஆனா நான் பெரிசுபடுத்தலை. ஒவ்வொரு பாட்டுக்கும் மூணு வரி எழுதுவாங்க. மூணே வரி.

அசாம் மழைக்கு என்ன எழுதினாங்க தெரியுமா? ‘ஒன்பதாம் நிமிடத்தில் யாரோ ஜன்னலைச் சாத்துகிறார்கள். அதுவரை நாமும் நனைந்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிகிறது. துண்டு எடுத்துக்கொண்டு கேட்கவும்.’ ஒன்பதாம் நிமிஷம் சார்! வேலைவெட்டி உள்ளவன் அதுவரைக்கும் கேப்பானா? நான் போய்ப் பாத்தேன். சாத்துறாங்க. அது வேற விஷயம்.

நாமக்கல் மெட்டலுக்கு எழுதினது: ‘இந்தத் தம்பி கோபமாக இல்லை. பயந்திருக்கிறார். டிரம்ஸ் வாசிப்பவர் அவர் பக்கத்திலேயே நடந்து வருகிறார்.’ ஜார்ஜியா அம்மாவுக்கு, ‘இவர் மூச்சு விடும் இடங்களில்தான் பாட்டு இருக்கிறது’ன்னு ஆரம்பிச்சு, சரி விடுங்க. எல்லாம் எனக்கு மனப்பாடமா இருக்குன்னு பாக்குறீங்களா? எதிராளியை நல்லாப் படிச்சு வச்சிருக்கணும் சார். அவ்வளவுதான்.

இதுல என் குறை என்னன்னா, அவங்க போடுற அஞ்சுல மூணு, முந்தின நாள் என் பட்டியல்ல வந்ததா இருக்கும். வாரா வாரம். நான் வெள்ளிக்கிழமை கண்டுபிடிக்கிறேன், அவங்க சனிக்கிழமை மூணு வரி எழுதி நல்ல பேர் வாங்குறாங்க. குழுவுல ஜனங்க என் இருபதுக்கு ஒரு கட்டைவிரல் காட்டுவாங்க. அவங்க அஞ்சுக்கு ‘அக்கா, அழுதுட்டேன்’னு எழுதுவாங்க. எனக்கு எப்படி இருக்கும்? ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்டயே காப்பி அடிக்கிறதா?

அதான் ஒரு பொறி வச்சேன்.

இதைக் கேளுங்க, இதுக்குத்தான் மூளை வேணும். நானே ஒரு பொய்ப் பாட்டு தயார் பண்ணி, பொய்ப் பேர்ல நெட்டுல ஏத்துறது. வெள்ளிக்கிழமை என் பட்டியல்ல அதைச் சேக்குறது. சனிக்கிழமை அவங்க பட்டியல்ல அது வந்துச்சுன்னா, முடிஞ்சது. இல்லாத குழுவோட பாட்டை எங்கிருந்து எடுத்தீங்க அம்மா? என்கிட்டயிருந்துதானே? எப்படி?

ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடிச்சாச்சு. செண்பகம் உள் ரூம்ல படுத்திருக்கா. மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்த மோட்டார் போட்டிருந்தேன். அந்த மோட்டார் பழசு, ம்ம்ம்ம்னு ஒரே சீரா இழுக்கும். பின்கட்டுல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, போன்ல பதிவை அமுக்கிட்டு, அந்த மோட்டார் சத்தத்துக்கு மேல சும்மா முனகினேன். வார்த்தை கிடையாது. அவ தூங்குறாளேன்னு மெதுவா. நாற்பது செகண்ட் போதும்னுதான் ஆரம்பிச்சேன். ஏன்னு தெரியலை, நாலு நிமிஷம் ஓடிப்போச்சு. தொட்டி நிரம்பிச் சுவர்ல வழிஞ்சு, அந்தச் சொட்டுச் சத்தமும் கடைசியில விழுந்திருக்கு. சரி, இல்லாத பாட்டுக்குழுவுக்கு ‘ஈரச்சுவர்’னு பேர் வச்சேன். தளம் வகை என்னன்னு கேட்டுச்சு, ‘அம்பியன்ட்’னு போட்டேன், சுத்துப்புறச் சத்தத்தையே இசையா இழுக்குறது. அம்பியன்ட்னு போட்டா எதைப் போட்டாலும் கேள்வி கேக்க மாட்டாங்க. இதுக்குன்னே ஒரு புது மெயில் முகவரி திறந்து, ஏத்திட்டு, மூடிட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகலை.

வெள்ளிக்கிழமை பட்டியல்ல பதினாலாவதா சேத்தேன். ‘ஈரச்சுவர், ஊர் தெரியவில்லை. எனக்கு முன் 0 பேர்.’

சனிக்கிழமை காலையில கடைக்கே போகலை. போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒன்பதரைக்கு அவங்க பட்டியல் வந்துச்சு. அந்த வாரம் ஒரே ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு. ஈரச்சுவர்.

மாட்டிக்கிட்டாங்க! பொறியில மாட்டின சந்தோஷத்துல, உள்ள என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கக்கூட இல்லை சார். உடனே குழுவுல போட்டேன். ‘ஈரச்சுவர் என்று ஒரு குழு உலகத்திலேயே கிடையாது. அது நான். அது என் வீட்டு மோட்டார். திருட்டு நிரூபணம்.’ அப்படியே போட்டேன், பெரிய எழுத்துல.

பத்து நிமிஷம் நான்தான் ராஜா. கைதட்டல் வருது, ஆச்சரியக்குறி வருது. அப்பத்தான் அந்த நவநீதன். நாமக்கல்ல பல் டாக்டருக்குப் படிக்கிற பையன், மெட்டல்னா உயிரு. அவன் போய் அந்தப் பாட்டோட பக்கத்தைத் திறந்து படம் பிடிச்சுப் போட்டுட்டான்.

பாட்டுக்குக் கீழ கருத்து எழுத இடம் இருக்கும் பாருங்க. அதுல மேபல் சுகிர்தான்னு பேர், ‘கேட்டேன்’னு ஒரே வார்த்தை. திங்கட்கிழமை, காலை அஞ்சு அம்பது. நான் ஏத்தினது ஞாயித்துக்கிழமை சாயங்காலம். என் பட்டியல் வந்தது வெள்ளிக்கிழமை. நடுவுல நாலு நாள். அவங்க என்கிட்டயிருந்து எடுக்கவே இல்லை, தானாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. அது மட்டுமா, கேட்டவங்க எண்ணிக்கை பதினாலு. நான் எனக்கு முன் பூஜ்யம்னு போட்டிருக்கேன். என் பாட்டுதானே, யார் கேட்டிருக்கப் போறாங்கன்னு எண்ணைத் திறந்து பாக்காமலே போட்டுட்டேன் சார். அஞ்சு வருஷத்துல அந்த ஒரு தடவைதான் பாக்காமப் போட்டேன். சத்தியமா.

குழுவுல விடுவாங்களா? ஒருத்தன் தண்ணி மோட்டார் படத்தைப் போட்டான். இன்னொருத்தன் அதுக்குக் கண்ணாடி மாட்டி என் முகத்தை ஒட்டினான். அன்னையிலயிருந்து எனக்குப் பேரு மோட்டார் மாமா. போகட்டும்.

மேபல் அம்மா ஒரே வரிதான் போட்டாங்க. ‘அப்படியா. பாட்டு நல்லா இருந்தது.’ போட்டுட்டுக் குழுவை விட்டு வெளியேறிட்டாங்க.

இருநூத்திப் பதினொண்ணு.

திருநெல்வேலி வந்துருச்சு. டீ சாப்பிடுறீங்களா? இறங்க வேண்டாம், ஜன்னல்கிட்டயே வரும். ரெண்டு டீ குடுப்பா. இல்ல சார், நான்தான் கொடுப்பேன், இவ்வளவு நேரம் காதைக் கொடுத்திருக்கீங்க.

அவங்க அந்தப் பாட்டுக்கு என்ன எழுதியிருந்தாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே? சொல்றேன். எழுத்து மாறாமச் சொல்றேன்.

‘மோட்டார் ஒரே சுருதியில் நிற்கிறது, இவர் அதைத் தம்பூராவாக வைத்துக்கொள்கிறார். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் போல, எழுப்பிவிடக் கூடாதென்று குரலைப் பிடித்துவைத்திருக்கிறார், இரண்டாம் நிமிடத்தில் அது மறந்துபோகிறது. அந்த இடத்துக்காகப் பதினான்கு முறை கேட்டேன், இன்னொன்று உண்டா?’

இன்னொன்று உண்டா.

டீ நல்லா சூடா இருக்கு. கண்ணு கலங்குது பாருங்க, இஞ்சி அதிகம் போட்டுட்டான்.

என்கிட்ட அப்படி யாரும் கேட்டதில்லை சார். காலேஜ்ல படிக்கும்போது நான் பாடுவேன். கொஞ்சம் நல்லாவே பாடுவேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். என் கல்யாண வரவேற்புல மெல்லிசைக் கச்சேரி வச்சிருந்தாங்க. ஒரு பாட்டு நாமளே பாடுவோமேன்னு மாலையோட மைக் பக்கம் போனேன். கச்சேரிக் குழுத் தலைவர் மைக்கைக் கையால பொத்தாமலே, ‘மாப்பிள்ளை சார் உக்காருங்க, சுருதி சேரலைன்னா எங்க பேண்டுக்குத்தான் கெட்ட பேரு’ன்னுட்டாரு. மண்டபமே சிரிச்சுச்சு. செண்பகமும் சிரிச்சா. புதுப்பொண்ணு, வேற என்ன செய்வா பாவம். இருபத்தி நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் குளிக்கும்போதுகூட வாயைத் திறந்ததில்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, பேச்சுவாக்குல சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவங்க பட்டியல் வரலை. எப்படி வரும், ஆளே குழுவுல இல்லையே. அதுக்கடுத்ததும் வரலை. மூணு சனிக்கிழமை போச்சு. நானும் என் இருபதைப் போட்டுட்டுத்தான் இருந்தேன். எனக்கு முன் ஆறு பேர், எனக்கு முன் ஒன்பது பேர். ஒரு கட்டைவிரல்கூட வரலை. நானே என் பட்டியலைப் படிச்சுப் பாத்தேன். ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்துச்சு. ஒரு சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தன்னால போனை எடுத்துப் பாத்துட்டு வச்சேன். செண்பகம் பாத்துட்டா.

என்ன விஷயம்னு பிடுங்கி எடுத்தா. சொன்னேன். பொறி வச்சது, மாட்டினது, மோட்டார் மாமா, எல்லாம். சிரிப்பான்னு பாத்தா சிரிக்கலை. அந்த அம்மா எழுதினதைக் காட்டச் சொன்னா. படிச்சா. ரெண்டு தடவை படிச்சா.

‘‘சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா நான் தூங்கலை’’ன்னா.

தூங்கலையா? அப்ப தொட்டி நிரம்பி வழியுறது கேட்டிருக்குமே, எந்திரிச்சு வந்து நிறுத்தினா என்ன, எவ்வளவு தண்ணி வீணாப்போச்சுன்னு நான் கத்தினேன்.

‘‘மோட்டாரை நிறுத்தினா நீங்களும் நிறுத்திருவீங்கல்ல’’ன்னா.

செருப்பை மாட்டிக்கிட்டு நான் கடைக்குப் போயிட்டேன். அன்னைக்கு ஒருத்தருக்கு ஆதார் அட்டையை நாற்பது காப்பி எடுத்துக் கொடுத்துட்டேன், அவர் கேட்டது நாலு.

நாங்குநேரி தாண்டி இந்தக் காத்தைப் பாத்தீங்களா? ஆடிக் காத்து. ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. தூங்கலையே நீங்க? கண்ணை மூடியிருந்தீங்களேன்னு கேட்டேன்.

செண்பகம் சும்மா இருக்கலை சார். என் போன்ல இருந்து அந்த அம்மா நம்பரை எடுத்து, தானே கூப்பிட்டுப் பேசிட்டா. நாற்பது நிமிஷம். நான் கடையில இருக்கேன். சாயங்காலம் வந்து என்னடி பேசினேன்னு கேட்டா, நெத்திலிக்குப் புளி ஊத்தலாமா கூடாதான்னு பேசினோம்ங்கிறா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னா. அவங்க கோர்ட்டுல சுருக்கெழுத்தாளராம். நாள் பூரா வக்கீலும் சாட்சியும் பேசுறதைக் கேட்டு எழுதுற வேலை. இந்த வருஷக் கடைசியில ஓய்வு. காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அந்தத் தளத்துல யாருமே கேக்காத பாட்டாத் தேடிப் பிடிச்சுக் கேப்பாங்களாம். ஏன்னு செண்பகம் கேட்டிருக்கா. ‘ஒருத்தராவது கேட்டாங்கன்னு இருக்கட்டுமே’ன்னாங்களாம். பிடிச்சதை வாரம் பூராவும் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டுச் சனிக்கிழமைதான் அந்த மூணு வரியை எழுதுவாங்களாம்.

இப்பத்தான் எனக்கு உறைக்குது. எனக்கு முன் மூணு பேர், எனக்கு முன் ஒருத்தர்னு அஞ்சு வருஷமா பெருமையா போட்டுட்டு வந்தேனே, அந்த ஒருத்தர் யாரு? அவங்கதான் போல. பாருங்க சார், எல்லா இடத்துலயும் எனக்கு முன்னாடி போய் நின்னிருக்காங்க. இதையும் கேக்கணும் அவங்ககிட்ட.

செண்பகம் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கன்னுதான் அனுப்பினா. மறுபடியும் பட்டியல் எழுதுவீங்களான்னு இவ கேட்டதுக்கு, அவங்க பிடி கொடுக்கலையாம். ‘நம்பிக் கேட்டேன், அது பொறின்னு சொல்லிட்டாரு. இனிமே ஒரு பாட்டைக் கேக்கும்போது இதுவும் பொறியோன்னு தோணுமே, அப்புறம் எப்படி எழுதுறது’ன்னாங்களாம். வரச் சொல்லுங்க, ரெண்டாம் சனிக்கிழமை வீட்டுலதான் இருப்பேன்னும் சொல்லியிருக்காங்க. அது ஒண்ணுதான். இன்னைக்கு ரெண்டாம் சனிக்கிழமை.

நான் மன்னிப்புக் கேக்கப் போகலை. விளக்கம் கேக்கப் போறேன். ஒரு ஆளு பாடினது பொறின்னு வச்சுக்குங்க, ஆனா அந்த ரெண்டாம் நிமிஷம் பொறி இல்லைன்னு அவங்களுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிஞ்சுதானே எழுதினாங்க? தெரிஞ்சுக்கிட்டே எப்படிக் குழுவை விட்டுப் போகலாம்? என் கட்சி நியாயம்தானே? நீங்களே சொல்லுங்க.

ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமை இன்னொரு பாட்டு பதிவு பண்ணினேன். அதே பின்கட்டு, அதே ஸ்டூல். செண்பகம் எதிர்ல உக்காந்து வெங்காயம் உரிச்சா. இதுல வார்த்தை இருக்கு, நானே எழுதினது. ‘நிரம்பின தொட்டிக்கும் ஓடுது மோட்டாரு, நிறுத்த வேண்டியவன் பாடப் போயிட்டான்’னு தொடங்கும். மூணு சரணம். அதை இன்னைக்குக் காலையில, விடிஞ்சும் விடியாம, ஈரச்சுவர் பேர்லயே ஏத்திட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அவங்க அந்த நேரத்துலதானே தேடுவாங்க. யாருக்கும் சொல்லலை. என் பட்டியல்லயும் போடலை. யாராவது கருத்து எழுதினா போன்ல மணி அடிக்கிற மாதிரியும் வச்சிருக்கேன்.

அடிச்சுது சார். நான் பஸ் ஏறும்போதே அடிச்சுது. இந்தச் சட்டைப் பையிலதான் இருக்கு. ரெண்டரை மணி நேரமா எடுக்கலை. எடுத்தா பேச்சு விட்டுப்போகும், நீங்க வேற தனியா இருக்கீங்கன்னுதான். பயமெல்லாம் இல்லை. கரண்ட் காத்தாடியெல்லாம் தெரியுது, ஆரல்வாய்மொழி வந்தாச்சு. இன்னும் அரை மணி நேரத்துல அந்த வீட்டு வாசல்ல நிக்கணும்.

நீங்க எடுத்துப் பாருங்களேன். என் கண்ணாடி பைக்குள்ள மிட்டாய்க்கு அடியில போயிருச்சு. இந்தாங்க. பூட்டு கிடையாது, இழுத்தாத் திறக்கும். யார் எழுதியிருக்கா? பேரை மட்டும் சொல்லுங்க.

சரி. அவங்களா. சரி.

படிங்க. பஸ் சத்தமா இருக்கு, கொஞ்சம் உரக்கப் படிங்க. ‘இந்த முறை மோட்டார் ஓடவில்லை.’ ஆமா, ஓடலை. ‘பக்கத்து அறைக்காரர் எதிரிலேயே விழித்திருக்கிறார், பாடுகிறவருக்கும் அது தெரிந்திருக்கிறது.’ வெங்காயம் உரிக்கிற சத்தம் அதுல விழலையே சார், நான் தள்ளித்தானே உக்காரச் சொன்னேன்? எப்படித் தெரிஞ்சது? சரி, மேல படிங்க. அவ்வளவுதானா? இருக்கணுமே, மூணாவது வரி இருக்கணும். கீழ தள்ளுங்க.

‘மூன்று முறைதான் கேட்டிருக்கிறேன், மிச்சத்தைச் சனிக்கிழமைப் பட்டியலுக்கு முன் நேரில் கேட்டுக்கொள்கிறேன், சுருதியை மட்டும் அரைக்கட்டை இறக்கிக்கொண்டு வரட்டும்.’

சனிக்கிழமைப் பட்டியலுக்கு முன். அப்படித்தானே போட்டிருக்கு? பட்டியலுக்கு முன்னு? இன்னொரு தடவை அந்த இடத்தை மட்டும் படிங்க.

சரி.

சரி சார். ஆனா அரைக்கட்டை இறக்கணுமாம், பாத்தீங்களா? கடைசி வரைக்கும் ஒரு குத்து. நான் என்ன கச்சேரி வித்துவானா, வாசல்ல நின்னு சுருதி மாத்திப் பாடுறதுக்கு? அரைக்கட்டை. அப்படி என்ன மேல பாடிட்டேன்? ‘நிரம்பின தொட்டிக்கும்...’ இது பதிவுல இருக்கிறது. அரைக்கட்டை இறங்கினா, ‘நிரம்பின தொட்டிக்கும்...’ இப்படி வரும். ம். மேல போற இடத்துல இப்ப தொண்டை பிடிக்கலை. இப்படியும் பாடலாம்தான். முன்சீட்டுப் பாட்டி ஏன் திரும்பிப் பாக்குறாங்க? மன்னிச்சுக்குங்கம்மா, ஒரு வேலை விஷயம்.

வடசேரி வந்துருச்சா அதுக்குள்ள?

ஒண்ணு செய்யுங்க சார். அந்த ஹெட்போனைக் கழட்டி என் போன்ல சொருகுங்க. நீங்களும் ஒரு தடவை கேட்டுச் சொல்லிருங்க, போறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு தைரியமா இருக்கும். எண்ணிக்கையில மூணுன்னு காட்டுதா? அது மூணு பேர் இல்லை, ஒரே ஆளு மூணு தடவை. உங்களுது நாலாவது. ஆ, ஓடுது. எல்லாரும் இறங்கட்டும், அவசரம் இல்லை.

என்ன சார், அதுக்குள்ள கழட்டிட்டீங்க? நல்லா இருக்கா? நாற்பது செகண்ட்கூட ஆகலையே. நாற்பது செகண்ட்ல ஒரு பாட்டைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? மாட்டுங்க, திரும்ப மாட்டுங்க. இறங்குறோம் கண்டக்டர், இறங்குறோம், ஒரு நிமிஷம். சார் இன்னும் ரெண்டாவது சரணத்துக்கே வரலை.